கோழி எருவை மாட்டுக்குத் தீவனமாகக் கொடுக்கலாமா?

டிசம்பர், ஜனவரி உறைபனியில் மேய்ச்சல் புல் கருகிப்போகும்போது, ஊட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடு வளர்ப்பவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் போடுவதற்காகச் சமவெளியிலிருந்து லாரியில் வந்து இறங்கிய கோழி எரு தோட்டத்து ஓரத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வைக்கோலோ கீழிருந்து வண்டி வாடகையோடு மலையேறி வரவேண்டியிருக்கிறது. அந்த எருவில் கொஞ்சம் எடுத்துத் தவிட்டோடு கலந்து வைத்தால் என்ன என்கிறார்கள். வைக்க வேண்டாம் என்பதே என் பதில்.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. கோழி தன் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாகச் சிதைத்துத் தம் புரதத்தைக் கட்டிக்கொள்ள, அந்த நுண்ணுயிர்களே பின்னர் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. தரைவிரிப்போடு கலந்த கோழி எச்சமான பிராய்லர் பண்ணைக் கூளத்தின் உலர் எடையில் 20 முதல் 30 சதவீதம் கச்சாப் புரதம் (நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிடும் புரதம்) இருப்பதால், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதைக் குவித்துப் பதப்படுத்தி இறைச்சி மாடுகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் புரதத்தில் கணிசமான பங்கு உண்மைப் புரதமன்று, எரிசக்தியும் குறைவு. கோழிக்குக் கொடுத்த மருந்துகளின் எச்சம் பாலில் இறங்கக்கூடும் என்பதால் கறவை மாட்டுக்கு அது எங்குமே ஏற்றதன்று.

மூட்டையைப் பிரித்துக் கையுறையோடு கிளறினால் இறகு, நார்க்கழிவு, கம்பித் துண்டு ஆகியவற்றோடு சில வேளைகளில் காய்ந்துபோன கோழியின் கால் எலும்பும் வரும். எனக்கு அச்சம் தருவது அந்த எலும்புதான். செத்த கோழியை அப்புறப்படுத்தாமல் விட்ட கூளத்தில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியா பெருகி நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கிறது. நஞ்சேறிய மாட்டுக்குக் காய்ச்சல் இருக்காது. பின்னங்கால் தள்ளாடும், படுத்தால் எழாது, தாடையைத் தரையில் ஊன்றிக் கிடக்கும், எச்சில் வழியும். நாக்கை வெளியே இழுத்துவிட்டால் உள்ளே இழுத்துக்கொள்ள வலுவிருக்காது. பால் காய்ச்சல் (கன்று ஈன்ற மாட்டுக்குக் கால்சியம் குறைந்து வரும் நோய்) என்று எண்ணிக் கால்சியம் ஏற்றியும் பயன் தெரியாமல் போவதுண்டு. அந்நிலைக்கு வந்துவிட்ட மாட்டைக் காப்பாற்றக் கால்நடை மருத்துவர்களான எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

குவித்துச் சூடேற்றினால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஈரப்பதம் சரியாக அமைந்த குவியலின் உட்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்; சில வாரங்கள் அவ்வாறு இருந்தால் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி மடியும். பொட்டுலினத்தின் வித்துகளோ அந்தச் சூட்டைத் தாங்கும், அதன் நஞ்சை அழிக்கவும் 80 டிகிரி வேண்டும். மேலும், மழையிலும் மஞ்சிலும் நனைந்த எரு நம் மலைக் குளிரில் அந்த 55 டிகிரியைக்கூட எளிதில் எட்டாது, பூஞ்சைதான் பிடிக்கும்.

செம்மறியாடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சில பண்ணைகளில் கோழித் தீவனத்தில் சேர்க்கும் மயில்துத்தத்தின் தாமிரம் எச்சத்தில் தங்கும். மாடு ஓரளவு தாங்கும் தாமிரம் செம்மறியின் ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று மஞ்சள் காமாலையும் கருஞ்சிவப்புச் சிறுநீருமாக வெளிப்பட்டு ஆட்டைக் கொன்றுவிடும். குதிரைகள் எருக்குவியலின் பக்கமே போகக்கூடாது. கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கொடுத்து, எருவிலும் எஞ்சும் மோனென்சின் என்னும் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் உள்ளே போனாலே குதிரையின் இதயத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கக்கூடியது. ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரைகளில் சவாரிக் குதிரை வைத்திருக்கும் பலர் இதை அறிந்திருக்கவில்லை.

ஆகவே எருவை மூடி, மாடு எட்டாத தொலைவில் வையுங்கள். வயலில் இறைத்தவுடன் உழுது மண்ணில் புதையுங்கள். மேலே எரு தெரியும் நிலத்தில் மேய விடாதீர்கள்.

பனிக்காலப் புரதக் குறைவுக்கு யூரியா வைக்கோல் நல்ல வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாதபடி பாலித்தீன் தாளால் மூட வேண்டும். சமவெளியில் 21 நாள் போதும். இங்குள்ள குளிரில் 4 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். பிரித்தபின் சிறிது நேரம் காற்றாட விட்டு, சிறிது சிறிதாகப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக்கூடாது. யூரியா மூட்டையையும், கரைத்துவைத்த தண்ணீரையும் மாடு வாய்வைக்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும். அப்படியே குடித்துவிட்டால் சில மணி நேரத்திற்குள் உயிர் போய்விடும்.