சொல் விளக்கம்: ‘கிராஸ்ரூட்ஸ்’ என்பது அடிமட்டம் அன்று

சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும், நகர வளர்ச்சி குறித்த கருத்தரங்க அழைப்பிதழ்களிலும், இப்போது நாளேடுகளின் நடுப்பக்கக் கட்டுரைகளிலும் ‘நிலையான நகரத்தை நோக்கிய அடிமட்ட சமூகக் குழுக்கள்’ என்னும் தொடர் கூச்சமின்றி உலவி வருகிறது. ஆங்கிலம் அறிந்தவர் இதை மனத்துக்குள் ஆங்கிலமாக மாற்றிப் பொருள் கண்டுகொள்வார். ஆங்கிலம் அறியாதவருக்கோ, அசையாமல் நிற்கும் ஏதோ ஒரு நகரத்தை நோக்கி, சமூகப் படிநிலையில் கீழே வைக்கப்பட்ட சில சாதியினர் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் விளங்கும். ‘அடிமட்ட’ என்பதற்குப் பின் வரவேண்டிய ஒற்று விடுபட்டதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொருள் விடுபட்டதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

இத்தொடரில் ‘அடிமட்ட’ என்று பெயர்க்கப்பட்டிருக்கும் ஆங்கில மூலச் சொல்லின் வரலாறு சிறியது. ‘கிராஸ்ரூட்ஸ்’ என்பதன் நேர்ப்பொருள் புல்லின் வேர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பொன் தேடியவர்கள், புல்வேர் படரும் மேல்மண் அடுக்கை இச்சொல்லால் குறித்தனர். 1912இல் அங்கே முற்போக்குக் கட்சி உருவானபோது, ஆல்பர்ட் பெவரிட்ஜ் என்னும் அரசியல்வாதி, தம் கட்சி புல்வேர்களிலிருந்து வந்தது என்றும் மக்களின் கடுந்தேவைகள் என்னும் மண்ணில் வளர்ந்தது என்றும் பேசினார். அதன் பிறகு, தலைமை ஏதும் ஏவாமல் மக்களிடையே தானாக முளைத்தது என்னும் பொருள் இச்சொல்லுக்கு நிலைத்துவிட்டது. ஆக, இச்சொல் பேசுவது பிறப்பிடத்தை. உயரத்தையோ தாழ்வையோ அன்று. இந்த ஒன்றை மறந்ததால் வந்த வினைதான் ‘அடிமட்டம்’.

மட்டம் தமிழ்ச்சொல்தான், அதன் பிறப்பில் எனக்குக் குறையில்லை. நீர்மட்டம், ரசமட்டம் என்று அளவைக் குறிக்கும்போது அது நடுநிலையாகவே நிற்கிறது. ஆனால் மனிதரோடும் பொருளோடும் சேரும்போது அதன் குணம் மாறிவிடுகிறது. மட்டமான சரக்கு என்றால் தரங்குறைந்தது. ஒருவரை மட்டம் தட்டுவது அவரைச் சிறுமைப்படுத்துவது. மட்டக்குதிரை, குதிரையிற் குள்ளமானது. முன்னால் ‘அடி’யும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்: கடைக்காரர் அடிமட்ட விலை என்பது இதற்குக் கீழே இறங்க வழியில்லாத விலையை. இலங்கைத் தமிழ் மாணவர்களுக்கு அடிமட்டம் என்பது கோடு போடும் அளவுகோல் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். அங்கே ‘அடிமட்டக் குழு’ என்று எழுதினால் குறும்புக்காரப் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

‘அடிமட்டத் தொண்டர்’ என்று கட்சிகள் பெருமையோடு சொல்வதில்லையா என்று கேட்பார்கள். சொல்கின்றன, சரியாகவே சொல்கின்றன. கட்சிக்குத் தலைமை உண்டு, மாவட்டம் உண்டு, ஒன்றியம் உண்டு, கிளை உண்டு. அந்த ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர் அடிமட்டத் தொண்டர். மேலிருந்து ஆணை வந்தால் சுவரொட்டி ஒட்டுபவர் அவர். ஓர் அலுவலகத்தின் அடிமட்ட ஊழியரும் அப்படியே. ஏணி இருக்கும் இடத்தில்தான் இச்சொல்லுக்கு வேலை. தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022இல் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடினவே, அவற்றை அடிமட்ட அமைப்புகள் என்றால் நான் மறுக்க மாட்டேன். அவை மாநகராட்சி, வார்டு என்னும் அடுக்கின் கீழ்ப்படியாகச் சட்டத்தால் வைக்கப்பட்டவை. அவற்றைக் கிராஸ்ரூட்ஸ் என்று ஆங்கிலத்தில் எழுதுபவர்கள்தாம் தவறுகிறார்கள் என்பேன். ஆனால் அது ஆங்கிலத்தாரின் கவலை.

ஏணியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1989இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா என்னும் அமைப்பு, தெருத் தெருவாக வளர்ந்தது. ஒரு தெருவின் குடும்பங்கள் சேர்ந்து, மாதந்தோறும் சிறு தொகை போட்டு, மூன்றுசக்கர வண்டியோடு ஓர் ஆளை அமர்த்தி, வீட்டு வாசலில் குப்பையை வாங்கிக்கொள்ளச் செய்தன. தெருமுனைத் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் கண்ட வழி அது. வீடுதோறும் குப்பை பெறுவது மாநகராட்சியின் அன்றாட வேலையானது அதற்குப் பின்னர்தான். மழைநீர் சேகரிப்பின் கதையும் இத்தகையதே: 1990களில் சேகர் ராகவன் பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று, மொட்டைமாடியில் விழும் நீரை நிலத்துக்குள் இறக்கச் சொன்னார், 2003இல் தமிழ்நாடு அரசு அதை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. சிட்லப்பாக்கத்தில் தங்கள் ஏரியைக் காக்கச் சொல்லி மனுக் கொடுத்துக் காத்திருக்காமல், குடியிருப்பவர்களே கரையில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். இவை எவற்றின் அடிமட்டம்? எந்தத் தலைமையகத்தின் கடைசிப் படி? யோசனை தெருவில் பிறந்து, பிறகு கோட்டைக்குப் போய்ச் சட்டமாகியிருக்கிறது. முன்னே நின்றவர்களை அடியில் நிற்பவர்கள் என்று அழைப்பது வெறும் சொற்பிழை அன்று. நடந்ததையே தலைகீழாகச் சொல்வது.

(எக்ஸ்னோரா என்னும் பெயரே எக்ஸலன்ட், நாவல், ரேடிக்கல் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களின் தலைகளை வெட்டி ஒட்டியது. தூய தமிழில் நாட்டமுள்ள எனக்கு அது உவப்பானது அன்று. ஆனாலும் வெளிப்படையான இந்த இரவற்பெயர், தமிழ் உடை உடுத்திய பொய்ச்சொல்லைவிடக் கெடுதல் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

அடிமட்டம் வேண்டாமென்றால் உடனே ‘புல்வேர் இயக்கம்’ என்று வருகிறார்கள் வேறு சிலர். சொல்லுக்குச் சொல் மாற்றினால் மொழிபெயர்ப்பு ஆகிவிடும் என்னும் நம்பிக்கை இவர்களுடையது. தமிழில் புல் என்பது சிறுமையின் பெயரும்கூட: புல்லர், புல்லறிவு, புன்மை. அந்த நிழல் படாமல் ‘புல்வேர்’ என்று எழுத முடியாது. இத்தனைக்கும் புல்லின் வேரை மதிக்கத் தமிழுக்குத் தெரியாமல் இல்லை. மணமக்களை ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி’ வாழ்க என்று வாழ்த்துகிறோமே, அது புல்வேரின் வாழ்த்துத்தான். அறுகு ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு அடுத்த இடத்துக்குப் படர்வது. தெருவுக்குத் தெரு பரவும் ஒரு முயற்சிக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் அமையாது. மேடைப் பேச்சிலோ கவிதையிலோ ‘அறுகுவேர் இயக்கம்’ என்று ஒருவர் சொன்னால் மகிழ்ந்து கேட்பேன். அறிக்கைக்கு அது ஆகாது. அடுத்த நாளே ‘அருகுவேர்’ என்று அச்சாகி, பக்கத்தில் உள்ளது என்று யாரேனும் பொருள் சொல்லத் தொடங்குவார்கள். புல்லுக்கு வல்லின றகரம் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

அடுத்தது ‘சமூகம்’. ஆங்கிலத்தின் ‘கம்யூனிட்டி’ எங்கு வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் ‘எங்கள் சமூகத்துக்கு இடஒதுக்கீடு வேண்டும்’ என்று ஒருவர் பேசினால், அவர் எந்தத் தெருவில் வசிக்கிறார் என்று நாம் கேட்பதில்லை. என்ன சாதி என்றுதான் நினைக்கிறோம். சாதி என்று வாய்விட்டுச் சொல்லக் கூசியவர்கள் கண்டெடுத்த மறைப்புச் சொல்லாகச் ‘சமூகம்’ ஆகி வெகுகாலமாயிற்று. அதன் முன் ‘அடிமட்ட’ என்பதையும் ஒட்டினால், ‘அடிமட்டச் சமூகக் குழு’ என்பதற்கு என்ன பொருள் வரும் என்று அதை எழுதியவர் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்திருந்தாலே போதும். படிக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. நிதி தரும் நிறுவனத்துக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கோப்பை நிறைப்பதற்காகத் தமிழாக்கப்படும் இவ்வறிக்கைகளை, மொழிபெயர்த்தவரைத் தவிர வேறு தமிழர் எவரும் படிக்கப்போவதில்லை என்னும் துணிவு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இப்போது அந்த ஒருவரின் இடத்தையும் இயந்திரம் பிடித்துக்கொண்டது. பழைய அறிக்கைகளை மேய்ந்து பழகிய அது, அதே பிழையை இன்னும் வேகமாகத் துப்புகிறது.

பழஞ்சொற்களை மீட்கலாம் என்போர் உண்டு. அவர்கள்மேல் எனக்கு மதிப்பும் உண்டு. அவர்கள் முதலில் காட்டுவது ‘வாரியம்’. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது பள்ளிப் பாடம். ஆனால் அங்கே ஓலையில் பெயர் எழுதப்படவே வரி செலுத்தும் நிலம் வேண்டும். அது பிராமணச் சபையாரின் ஏற்பாடு. தவிர, இன்றைய காதுக்கு வாரியம் என்றால் குடிநீர் வாரியம், மின்வாரியம், அதாவது மனுவோடு வரிசையில் நிற்கும் இடம். ஊரார் கூடி ஏரியையும் கால்வாயையும் செப்பனிட்ட ‘குடிமராமத்து’ என்பதிலிருந்து குடியை எடுக்கலாம் என்றால், மராமத்து அரபியிலிருந்து வந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும், 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அவ்வுழைப்பைக் கட்டாயமாக்கிய வரலாறும் அதற்குப் பின்னால் நிற்கிறது. ‘குடிக்குழு’ என்று எழுதினாலோ மாலையில் எங்கே கூடுகிறார்கள் என்று கேட்பார்கள். ‘ஊர்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். எழும்பூர், பெரம்பூர், கொளத்தூர், ஆலந்தூர் என்று சென்னை முழுவதும் ஊர்களால் ஆனதுதானே? இருந்தும் அதை விடவேண்டியிருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது; ‘ஊர்க்கூட்டம்’ என்றதும் ஊர்க்கட்டுப்பாடும் அபராதமும் நினைவுக்கு வருபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சாதியின் நிழலை விலக்குவதற்காகச் சமூகத்தைத் தள்ளிவிட்டு, அதே நிழலில் நிற்கும் ஊரை அழைத்து வருவது முறையன்று.

எஞ்சுவது, நாளேட்டுச் செய்தியாளர்கள் தினமும் எழுதும் எளிய தொடர்: ‘அப்பகுதி மக்கள்’. குழாயில் நீர் வராவிட்டால் மறியல் செய்பவர்களும் அப்பகுதி மக்கள்தாம். ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுத்து நிறுத்துபவர்களும் அவர்கள்தாம். பகுதி, மக்கள், குழு மூன்றும் நல்ல தமிழ். மூன்றும் எல்லாருக்கும் விளங்கும். மூன்றிலும் மேல் கீழ் இல்லை. எனவே ‘பகுதி மக்கள் குழு’ என்பதே என் பரிந்துரை. குடியிருப்போர் நலச் சங்கத்திலிருந்தும் இது வேறுபட்டுத் தெரியும். அச்சங்கம் பெரும்பாலும் வீட்டுக்காரர்களுடையது, வாடகைக்கு இருப்பவருக்கும் நடைபாதையில் கடை போடுபவருக்கும் அதில் குரல் அரிது. குழுவைச் சுட்டாமல் அடைமொழியாக மட்டும் மூலச் சொல் வருமிடத்தில் வினையை நாடுவது நல்லது: ‘மக்களே தொடங்கிய இயக்கம்’, ‘தெருவில் பிறந்த யோசனை’. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச்சொல் என்று கலைச்சொல் பட்டியல் போடுவோர் இதை ஏற்கமாட்டார்கள். அவர்கள் வேதியியலுக்குப் பட்டியல் போடட்டும். மனிதரைப் பற்றிய சொற்களுக்கு இடம் பார்த்துத்தான் பேசவேண்டியிருக்கிறது.

இனி ‘நிலையான நகரம்’. ‘சஸ்டெய்னபிள்’ என்னும் கருத்துக்கு வேர், 1713இல் சாக்சனி நாட்டின் சுரங்க நிருவாகி ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் காடு வளர்ப்பைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துவந்த காலம். வளர்வதற்கு மேல் வெட்டாதே என்பது அவர் சொன்னதன் சாரம். ஐ.நா. அமைத்த ஆணையத்தின் 1987ஆம் ஆண்டுப் புருண்ட்லாண்ட் அறிக்கை அதை வருந்தலைமுறைகளின் தேவையோடு இணைத்தது. இந்தக் கணக்கில் எதுவும் ‘நிலையானது’ என்பதில் இல்லை. நிலையான என்றால் மாறாத, அசையாத. நிலையான வைப்புத்தொகை என்று வங்கியில் எழுதியிருக்கிறதே, அந்த நிலைதான். அதற்கு மாற்றாகச் சிலர் எழுதும் ‘நீடித்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். ஏற்கெனவே நீடித்துவிட்டதை அது குறிக்கும், இனி நீடிக்க வல்லதை அன்று. இரண்டின் குறையையும் உணர்ந்தோ என்னவோ, அரசு ஆவணங்களில் ‘நீடித்த நிலையான’ என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். பொருந்தாத இரு செருப்புகளை ஒரே காலில் மாட்டுவது போன்றது அது. ‘பேண்தகு’ அழகான ஆக்கம், ஆனால் பேணத் தகுந்தது என்றே பொருள்படும். ‘வளங்குன்றா’ என்பதே கார்லோவிட்ஸ் சொன்ன கணக்கை அப்படியே தமிழில் வைத்திருக்கிறது.

நகரத்துக்கு அந்த அடைமொழி பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. சென்னை தன் குடிநீரில் ஒரு பங்கைக் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்தும், இன்னொரு பங்கை ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரிலிருந்தும் பெறுகிறது. ‘வளங்குன்றா நகரம்’ என்று எழுதிய உடனே எவருடைய வளம் குன்றாமல் என்று படிப்பவர் கேட்பார். கேட்கட்டும், நல்ல கலைச்சொல் அக்கேள்வியை எழுப்பவேண்டும், ‘நிலையான’ அதை எழவிடாமல் அமுக்குகிறது. ஆகவே முழுத் தொடரையும் ‘வளங்குன்றா நகருக்காகப் பாடுபடும் பகுதி மக்கள் குழுக்கள்’ என்று எழுதலாம்.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு சொல். அங்கே அயலவர் என்றால் பக்கத்து வீட்டார் என்னும் பழம்பொருள் பேச்சில் இன்னும் வாழ்கிறது. ஆகையால் ‘அயலவர் குழு’ என்று அவர்கள் எழுதுவது மிகப் பொருத்தம். கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் கீழ் பெண்கள் கூடும் குழுவுக்கு ‘அயல்கூட்டம்’ என்றுதான் பெயர். அரசு தொடங்கிய திட்டம் அது என்றாலும் பெயர் கேட்போர்க்கு எளிதில் விளங்குகிறது. தமிழ்நாட்டில் மட்டும் அயல் என்பது அயல்நாட்டோடும் அயலானோடும் ஒட்டிக்கொண்டு, அண்டை வீட்டை விட்டு வெகுதூரம் போய்விட்டது. அதனால் இங்கே அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவு வரவில்லை.