இன்னும் எத்தனை நாள், டாக்டர்?

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசத் தொடங்கும்போது குடும்பத்தில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் தரையில் படுத்திருக்கும் நாயின் மேல்தான் இருக்கும். "மண்ணீரலில் கட்டி இருக்கிறது, ஈரலுக்கும் பரவியிருக்கிறது" என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அதுவோ வீட்டுக்கு எப்போது கிளம்பலாம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது அதன் பெயரை முணுமுணுத்தால் வாலைத் தரையில் தட்டும். அந்தச் சத்தத்தில்தான் பலர் உடைந்துபோவார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் கேட்பார்: "இன்னும் எத்தனை நாள், டாக்டர்?"

தொழிலுக்கு வந்த புதிதில் "பார்ப்போம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். அது தப்பு என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. தெரிந்த அளவுக்குச் சொல்லிவிடுவதே நியாயம். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயை அப்படியே விட்டால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். பல மருந்துகளை முறைவைத்துக் கொடுக்கும் கீமோதெரபிக்கு உடல் ஒத்துழைத்தால் ஏறக்குறைய ஒரு வருடம். மண்ணீரலில் வரும் ஹெமாஞ்சியோசார்கோமா என்னும் ரத்தக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை மட்டும் செய்தால் 1 முதல் 3 மாதம், அதோடு கீமோவும் சேர்ந்தால் 4 முதல் 6 மாதம். இதெல்லாம் நூற்றுக்கணக்கான நாய்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்கள் நாய் அதற்கு முன்னால் போகுமா, தாண்டியும் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் இந்த எண்ணைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்வேன். நாட்களை எண்ணுவது நாம்தான். நாய்க்கு இன்று வலித்ததா, மூச்சு முட்டியதா, தனக்குப் பிடித்தவர் பக்கத்தில் இருந்தாரா, அவ்வளவுதான் கணக்கு. இனிமேல் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு நாளை.

ஆனால் அந்த ஒரு நாள் எப்படிப் போனது என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை. கத்தினால்தான் வலி என்று நினைக்கிறோம். நாள்பட்ட வலியில் நாய் கத்துவது அபூர்வம். வெயிலோ ஓட்டமோ இல்லாமல் சும்மா படுத்திருக்கும்போதே மூச்சிரைக்கும். ராத்திரி ஒரு இடத்தில் படுக்காமல் சுற்றிச்சுற்றி வரும். படுக்கப்போய், பாதியில் நின்று, யோசித்து, மறுபடி எழுந்துகொள்ளும். உடம்பில் ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். எப்போதும் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது கட்டிலுக்கு அடியில் போய் ஒதுங்கும். குழந்தைகள் தொட்டால் உறுமாத நாய் உறுமும். "வயசாயிடுச்சு, அதான்" என்று நாம் தள்ளிவிடும் பல விஷயங்கள் வலிதான்.

"நல்லாச் சாப்பிடுறானே டாக்டர், வாலும் ஆட்டுறானே?" என்று கேட்பார்கள். எலும்புப் புற்றுநோயால் காலை ஊன்ற முடியாத நாய்கூட, வீட்டுக்காரர் உள்ளே நுழைந்ததும் வாலை ஆட்டும். அது உங்கள் மேல் உள்ள பாசம். வலி இருக்கிறதா இல்லையா என்பதை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004இல் ஒரு அளவுகோல் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். 10 என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மூச்சு விடுவதில் சிரமம் இருந்தால் அதுவும் வலிக் கணக்கில் வரும். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் இப்போதைக்கு வாழ்க்கை தாங்கக்கூடியதாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். அப்பா 50 போட்டிருப்பார், ராத்திரி கூடவே விழித்திருக்கும் மகள் 28 போட்டிருப்பாள். அந்த வித்தியாசத்தை உட்கார்ந்து பேசுவதிலேயே பாதித் தெளிவு வந்துவிடும்.

எண்கள் ஒத்துவராதவர்களுக்கு நான் சொல்வது காலண்டர். உங்கள் நாய்க்கு மிகவும் பிடித்த மூன்று காரியங்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் இரண்டையாவது செய்த நாள் நல்ல நாள், கறுப்பு வட்டம். இல்லாவிட்டால் சிவப்பு. 13 வயது லாப்ரடாரை வைத்திருந்த ஒரு அம்மா அந்தக் காலண்டரையே என்னிடம் கொண்டுவந்தார். வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடுவது, பழைய டென்னிஸ் பந்தைக் கவ்விக்கொண்டு திரிவது, அவர் படிக்கும்போது காலின்மேல் தலை வைத்துப் படுப்பது, இவைதான் அவனுடைய மூன்று. ஒரு தேதியில் சிவப்பு வட்டத்தின் மேலேயே கறுப்பு மை அழுத்திப் போட்டிருந்தது. என்னவென்று கேட்டேன். "சாயங்காலம் பந்தைக் கவ்வினான் டாக்டர், ஒரு நிமிஷம்தான். அதான்" என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதில் திருத்தம் எதுவும் இல்லை. வரிசையாகச் சிவப்பு. "நானேதானே போட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குமேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவனுடைய என்று எழுதியிருக்கிறேன். இலக்கணம் நாயை அஃறிணையில் வைத்திருக்கிறது. வளர்த்த வீட்டில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நோய் குணமாகாது என்று தெரிந்த பிறகும் செய்ய நிறைய இருக்கிறது. "இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று எந்த மருத்துவராவது சொன்னால், குணப்படுத்த முடியாது என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். வலியைக் குறைக்கலாம், குமட்டலை நிறுத்தலாம், மூச்சைச் சீராக்கலாம். பேலியேட்டிவ் கேர் என்பது இதுதான். ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன்: நம் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் கெடுக்கும். இபுப்ரோஃபென் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். வலி தாங்காத நாய்க்கு நல்லது செய்ய நினைத்துக் கொடுத்த ஒரு மாத்திரையால் கடைசி வாரம் நரகமாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். நாய்களுக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டோடு சேரக்கூடாத வலி மருந்துகள் உண்டு.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது தரை. வழுக்கும் தரையில் பலவீனமான நாய் எழ முயன்று, கால் விரிந்து விழுந்து, அப்புறம் எழவே பயப்படும். படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் ரப்பர் பாய் விரித்துவிடுங்கள். பெரிய துண்டு ஒன்றை மடித்து வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால் பின்னங்கால் தளர்ந்த நாயும் நாலு அடி நடந்து சிறுநீர் கழித்துவிட்டு வரும். படுத்தபடியே இருக்கும் நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் முழங்கையிலும் படுக்கைப் புண் வந்துவிடும். சாப்பாட்டை லேசாகச் சூடாக்கினால் வாசனை தூக்கலாக வரும், சில நாய்கள் அதற்காகவே சாப்பிடும். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் வாயைத் திறந்து திணிக்காதீர்கள்.

இதய நோய் என்றால் தூங்கும்போது மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் சரி. அதற்குமேல் தொடர்ந்து போனால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம், காலை வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மண்ணீரல் கட்டி என்றால் ஈறின் நிறத்தை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று துவண்டு விழுந்து, இளஞ்சிவப்பாக இருந்த ஈறு வெளுத்துப்போயிருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அது பெரும்பாலும் அவசரமாக, எதிர்பாராத நேரத்தில் நடக்கும். அப்போது என்ன செய்வோம், எங்கே போவோம், யார் முடிவெடுப்பது என்பதை அமைதியாக இருக்கும் ஒரு நாளில் பேசி வைத்துவிடுங்கள்.

முடிவு என்று சொன்னதும் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். தமிழில் நமக்கு இருக்கும் சொல் "கருணைக்கொலை". அந்தச் சொல்லில் கருணையைவிடக் கொலைதான் காதில் விழுகிறது. "நானே என் புள்ளையக் கொல்லச் சொல்றதா?" என்று ஒருவர் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அதனால் நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "வலியில்லாமல் அனுப்பி வைக்கலாம்" என்பேன்.

"தூக்கத்திலேயே தானா போயிட்டா நல்லது" என்று எல்லாருக்கும் ஆசை. எனக்கும்தான். ஆனால் அப்படி நடப்பது குறைவு என்பதை நான் மறைக்கக்கூடாது. சிறுநீரகம் முழுக்கச் செயலிழந்தால் வாந்தியும் வாய்ப்புண்ணுமாகக் கடைசி நாட்கள் கழியும். இதயம் தளர்ந்தால் மூச்சுக்காகத் திணறும். நம்பிக்கை காரணமாக ஊசி வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு, அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. வலி மருந்தை மட்டும் கடைசி மூச்சு வரை நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

ஊசி போடுவது என்று முடிவானால் என்ன நடக்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் ஆழ்ந்து உறங்கிவிடும். அப்புறம் ரத்தக்குழாயில் இன்னொரு மருந்து, பல மருத்துவமனைகளில் அது பென்டோபார்பிட்டால். நினைவு சில விநாடிகளில் போய்விடும், பிறகு மூச்சு, பிறகு இதயம். கண் மூடாது. சிறுநீர் போகலாம். எல்லாம் முடிந்த பிறகும் உடல் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போல் அசையலாம், தசை துடிக்கலாம். அது வலி இல்லை, அப்போது அங்கே உணர்வு எதுவும் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லாததால் அந்த அசைவையே வருடக்கணக்கில் நினைத்து நினைத்து வருந்தியவர்களைச் சந்தித்திருக்கிறேன். கூட இருக்க முடிந்தால் இருங்கள், தலையைத் தடவிக்கொண்டு வழக்கமான குரலில் பேசுங்கள். முடியாவிட்டால் அதில் வெட்கம் எதுவும் இல்லை. என் உதவியாளர் நாயின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்வார். புதைப்பதானால் ஆழமாகப் புதையுங்கள். அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும், வேறு விலங்குகள் தோண்டித் தின்றால் அவற்றுக்கு விஷம்.

குழந்தைகளிடம் "தூங்க வச்சுட்டாங்க" என்று சொல்லாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்குச் சாவு என்றால் திரும்பி வராது என்பதே புரிந்திருக்காது. தூங்கினால் இப்படி ஆகுமோ என்று ராத்திரி படுக்கப் பயப்படும். "வேற வீட்டுக்குக் கொடுத்துட்டோம்" என்றால் நம்மையும் ஒரு நாள் கொடுத்துவிடுவார்களோ என்று நினைக்கும். "அவனுக்கு உடம்பு சரியாகல, செத்துப்போயிட்டான், இனி வர மாட்டான்" என்பது சொல்லக் கஷ்டமான வாக்கியம். ஆனால் குழந்தைகள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

பெரியவர்களுக்குத் துக்கம் சாவுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. நாய் உயிரோடு முன்னால் படுத்திருக்கும்போதே இழந்த மாதிரி அழுகை வரும், அடுத்த நிமிடம் அதற்காகக் குற்ற உணர்வும் வரும். இரண்டும் இயல்புதான். "முன்னாடியே கவனிக்காம விட்டுட்டேனே" என்பது நான் மிக அதிகமாகக் கேட்கும் புலம்பல். அவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன்: சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும்போதே சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய 75 சதவீதம் போயிருக்கும். சோதனைக் கருவிக்கே அவ்வளவு தாமதமாகத்தான் தெரிகிறது என்றால், வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

வெளியே இருந்து வருவது வேறு. "நாய்தானே, இன்னொண்ணு வாங்கிக்கோ" என்பார்கள். இறப்புக்கு லீவு கேட்க வாய் வராது. சமூகம் துக்கம் என்றே ஒத்துக்கொள்ளாத துக்கத்துக்கு 1989இல் கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் தனிப் பெயரே வைத்தார். பெயர் வைக்கும் அளவுக்கு அது பலருக்கும் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் தினமும் வாசலில் வரவேற்ற ஒரு உயிருக்காக அழுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வாரங்கள் கடந்தும் தூக்கமோ சாப்பாடோ பிடிக்காமல் போனால், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், அதை மட்டும் மனதுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் முடிந்தவரை உடலை அது முகர்ந்து பார்க்க விடுங்கள். சில நாட்கள் தேடும், சாப்பாட்டைக் குறைக்கும். நடை, சாப்பாட்டு நேரம் எதையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

அந்த லாப்ரடார் வீட்டு அம்மா இரண்டு மாதம் கழித்து வந்தார். கையில் சுருட்டிக் கட்டிய ரப்பர் பாய்கள். "துவைச்சுக் காய வச்சுட்டேன். யாருக்காவது தேவைப்படும் டாக்டர்" என்றார். பந்தை மட்டும் கொடுக்கவில்லை, அது படிக்கிற நாற்காலிக்குக் கீழேயே இருக்கிறதாம். பாய்களை அந்த வாரமே வேறொரு வீட்டில் விரித்துவிட்டோம், தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து வாசல் வரைக்கும்.