சரிவகம்: கிரேக்க மேசையும் நம்மூர்க் கண்மாய்க்கரையும்

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அண்ணன் மகள் திடீரென்று கேட்டாள், “சித்தப்பா, சரின்னா தெரியும், வகம்னா என்ன?”

பிரித்ததே தப்பு. சரிவு + அகம், அதுதான் சரிவகம். பக்கம் சரிந்த கட்டம், அவ்வளவுதான். செவ்வகமும் இதே வார்ப்பு, செம்மை + அகம். அங்கே செம்மை சிவப்பு இல்லை, நேராக இருப்பது. செங்கோணத்தில் இருக்கிற அதே ‘செம்’.

இங்கிலீஷ் மீடியத்தில் இதுவே டிரபீசியம். கிரேக்கத்தில் டிரபீசா என்றால் மேசை, அதாவது நாலு கால் உள்ளது. டிரபீசியான் என்றால் குட்டி மேசை. அந்தக் காலத்தில் காசு மாற்றுகிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்ததால் இன்றைக்கும் கிரேக்க நாட்டில் பாங்குக்கு அந்த மேசைப் பெயர்தான். சர்க்கஸில் தொங்கி ஆடுகிற டிரபீஸும் இதே குடும்பம்.

இதில் ஒரு கூத்து உண்டு. சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் போக மிச்சமிருந்த நாற்கரத்தை எல்லாம் பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் டிரபீசியம் என்று ஒரே கூடையில் போட்டுவிட்டார். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வந்த கிரேக்க அறிஞர் புரோக்ளஸ்தான் ஒரு சோடிப் பக்கம் இணையாக இருந்தால் டிரபீசியம், எதுவுமே இணையாக இல்லாவிட்டால் டிரபிசாய்டு என்று பிரித்தார். சரி, அதோடு விட்டார்களா? 1795இல் சார்லஸ் ஹட்டன் என்ற இங்கிலாந்துக் கணித வாத்தியார் தன் கணித அகராதியில் இரண்டையும் தலைகீழாக மாற்றிப் போட, அமெரிக்காக்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். நம் பிள்ளை யூடியூபில் அமெரிக்க வாத்தியாரைப் பார்த்துவிட்டு பரீட்சையில் டிரபிசாய்டு என்று எழுதி வைத்தால் யாரைத் திட்டுவது? சரிவகம் என்று சொல்லிவிட்டால் இந்த வம்பே இல்லை.

மதுரைப் பக்கம் இதைக் காட்ட மேசையும் வேண்டாம். மாடக்குளம் கண்மாய்க்கரை மாதிரி ஒரு மண்கரையைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் பாருங்கள். மேலே நடக்கிற தடம் குறுகல், அடி அகலம், இரண்டும் ஒன்றுக்கொன்று இணை, தண்ணீர்ப் பக்கமும் வயல் பக்கமும் சரிவு. மண்ணைச் செங்குத்தாக நிறுத்தினால் முதல் மழையிலேயே சரிந்துவிடும், அதனால் நாமே முன்கூட்டிச் சரித்து வைக்கிறோம். மேலகலம் 3 மீட்டர், அடியகலம் 11, உயரம் 4 என்று வையுங்கள். 3ம் 11ம் 14, அதில் பாதி 7, உயரத்தால் பெருக்கினால் 28 சதுர மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கரை போட 28 கன மீட்டர் மண் வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள், “இணைகரமும் சரிஞ்சுதானே நிக்குது, அது ஏன் சரிவகம் இல்ல?” என்றாள். நல்ல கேள்வி. பெயரில் சரிவு மட்டும்தான் இருக்கிறது, இணைப்பக்கக் கணக்கு இல்லை. ஒரு சோடி மட்டும் இணை என்றால் சரிவகம், இரண்டு சோடியும் இணை என்றால் இணைகரம். அதைத் தனியாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும்.