பக்கத்து வீட்டின் எதிரொலியைக் கேட்கும் ரவுட்டர்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) நீண்டு டவர் பேட்டரி தீர்ந்துவிட்டால் போனில் ஒரு கோடுகூட இருப்பதில்லை. எங்கள் தெரு ரவுட்டர்களை நாங்களே ஒன்றோடொன்று இணைக்க முடியாதா?"

முடியும். பழைய ரவுட்டர்களில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருளை ஏற்றி, செய்தி எந்த ரவுட்டர் வழியாகப் போவது என்று முடிவு செய்யும் பேட்மேன் (B.A.T.M.A.N.) நெறிமுறையின் நான்காம் பதிப்பை ஓட விடுங்கள். (உங்கள் மாடலுக்கு அது பொருந்துமா என்று முதலில் பாருங்கள்.) 12 வோல்ட் ரவுட்டர் என்றால் ஒரு சின்ன பேட்டரி போதும். வெளி இணையம் கிடைக்க ஒரு வீட்டிலாவது இணைப்பு வேலை செய்ய வேண்டும். அது இல்லாதபோதும் தெருவுக்குள் பேசிக்கொள்ளலாம்.

சரி, செய்தி எந்த வீட்டு வழியாகப் போவது? ஒவ்வொரு ரவுட்டரும் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, வரிசை எண்ணோடு, "நான் இருக்கிறேன்" என்று கூவுகிறது. அண்டை ரவுட்டர்கள் அதைத் திருப்பிச் சொல்கின்றன. முழு வரைபடம் எதனிடமும் கிடையாது. மேட்டு வீட்டுக்குப் போக எந்த அண்டையிடம் கொடுத்தால் நல்லது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஆனால் அண்டை ரவுட்டரான அவன் பேசுவது எனக்குக் கேட்கிறது என்பதால் நான் பேசுவது அவனுக்குக் கேட்கும் என்று சொல்ல முடியுமா? பேட்மேன் இதைக் கண்டுபிடிக்கும் விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி பொங்கும். அண்டையின் கடைசி 64 கூவலில் 48 எனக்குக் கேட்டது என்று வையுங்கள். என்னுடைய 64 கூவலில் 24தான் அவன் வாய்வழியாக எதிரொலியாகத் திரும்பி வந்தது. எதிரொலி கேட்க வேண்டுமானால், போகிற வழி, வருகிற வழி இரண்டும் சரியாக இருக்க வேண்டும். ஆகவே 24ஐ 48ஆல் வகுத்தால் பாதி. நான் அனுப்புவதில் பாதிதான் அவனைச் சேர்கிறது! அவனிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமலே தெரிந்துவிட்டது. என் வீட்டு மாமரம் மழையில் நனைந்தால் இந்த எண் இறங்குவதைத் திரையில் பார்த்திருக்கிறேன். ஈர இலை ரேடியோ அலையை உறிஞ்சிக்கொள்ளும். உடனே பாதையும் வேறு வீட்டுப் பக்கம் மாறும்.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே இதற்கு முன்னோடி உண்டு. கிழக்கு கேப்பின் மன்கோசி கிராமத்தில், மேற்கு கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஊர்மக்களே 'ஸென்ஸெலேனி' என்ற கூட்டுறவு வலையை அமைத்தார்கள். சூரிய ஒளியில் ஓடிய அந்த நிலையங்களில் போனுக்கும் சார்ஜ் ஏற்றித் தந்தார்கள். அரசின் ஆய்வுப் பணம் இப்படிப்பட்ட வேலைக்கு இன்னும் தாராளமாகப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரே ரேடியோ உள்ள ரவுட்டர் கேட்டுவிட்டுத்தான் திருப்பிச் சொல்ல முடியும் என்பதால், செய்தி வீட்டுக்கு வீடு தாவும் ஒவ்வொரு தடவையும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு ரேடியோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், முதல் ரவுட்டரை மேட்டு வீட்டுக் கூரையில் வையுங்கள்.