காணிக்கையை எண்ணுவது யார்?

சபைகளுக்கும் ஊழிய டிரஸ்டுகளுக்கும் கணக்குத் தணிக்கை செய்வதுதான் என் வேலையில் பாதி. பிரசங்கத்தை வைத்து ஒருவரின் ஆவிக்குரிய நிலையை அளக்க எனக்குத் தெரியாது, ஆனால் வவுச்சர் ஃபைலைக் கேட்டதும் ஒரு தலைவர் என்ன செய்கிறார் என்பதைப் பல சபைகளில் பார்த்திருக்கிறேன். (வவுச்சர் என்றால் செலவுக்கான ரசீது, சீட்டு.) சிலர் பொருளாளரைக் கூப்பிட்டு பீரோ சாவியைக் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சிலர் வசனம் சொல்வார்கள்.

அப்படி நான் அடிக்கடி கேட்கும் வசனம் 2 இராஜாக்கள் 12:15. ஆலய வேலைக்குப் பணம் வாங்கினவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று அங்கே இருப்பது நிஜம்தான். சரி, அதே அதிகாரத்தை மேலே இருந்து வாசிப்போமே. யூதாவை ஆண்ட யோவாஸ் ராஜாவின் 23ஆம் வருஷம் வரைக்கும் ஆசாரியர்கள் கையில் பணம் போய்க்கொண்டே இருந்தது, ஆலயத்தின் பழுது மட்டும் பழுதாகவே கிடந்தது. ராஜா, பிரதான ஆசாரியனான யோய்தாவையும் மற்ற ஆசாரியர்களையும் கூப்பிட்டு நேராகவே கேட்டுவிடுகிறான். இந்த யோய்தா யார்? ராஜவம்சத்தையே கொன்றுபோட்ட பாட்டி அத்தாலியாளின் கையில் சிக்காமல் ஆலயத்துக்குள் ஒளித்து வளர்க்கப்பட்ட யோவாஸை ஏழு வயதில் ராஜாவாக்கியவர். "நான் ஆளாக்கிய பையன் என்னையே கேட்கிறானா" என்று அவர் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அவரோ ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்தின் பக்கத்தில் வைத்துவிட்டார். பணம் சேர்ந்ததும் ராஜாவின் ராயசக்காரனும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். அப்படி இரண்டு தரப்பும் எண்ணி முடித்த பணத்துக்குத்தான் 15ஆம் வசனம். தேவபக்தியுள்ள தலைமைக்கு யோய்தாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் தலைமைத்துவக் கருத்தரங்குகளில் மோசே, தாவீது, நெகேமியா என்றுதான் ஓடுகிறது.

பவுலும் எருசலேமுக்கான தர்மப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. கூடப் போக ஒரு சகோதரனைச் சபைகளே தெரிந்தெடுத்தன. "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" என்று காரணத்தையும் 2 கொரிந்தியர் 8இல் எழுதிவிட்டார்.

நான் பார்க்கும் சிக்கல்களில் பல, திருடும் எண்ணத்தில் ஆரம்பித்தவை அல்ல. சபைக்குப் பதிவு இல்லாத நாளில் "அப்புறம் மாத்திக்கலாம்" என்று இடத்தைப் போதகர் பெயரில் வாங்கியிருப்பார்கள், வருஷங்கள் ஓடிவிடும். மனைவி, பிள்ளைகள் உள்ள போதகர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. விசுவாசிகள் நகையை அடகுவைத்துக் கட்டின இடம் என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பாருங்கள், யார் பெயர் வருகிறது? போதகரின் சொந்தக் கணக்காக இருந்தால், அது அவருடைய வருமானமா சபையின் வருமானமா என்று வரித்துறை கேட்கும் நாளில் நேர்மையான மனிதர்கூடத் திணறிப்போவார். டிரஸ்ட் பத்திரத்தில் அப்பா, அம்மா, மகன் மட்டும் இருந்தால் எண்ணுவதும் கையெழுத்துப் போடுவதும் கேள்வி கேட்பதும் ஒரே வீடு. நிர்வாகிகளின் சொந்தக்காரர்களுக்கு நியாயத்துக்கு மேல் சம்பளமோ வாடகையோ போனால் வரிவிலக்குக்கே சிக்கல் வரும். வெளிநாட்டுப் பணத்தில் கெடுபிடி இன்னும் அதிகம்: வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (FCRA) 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும், அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

விசுவாசிகளுக்கு ஒன்று. ஆராதனை முடிந்ததும் போதகர் குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணி நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்களா, அதே தொகை வங்கியில் கட்டப்படுகிறதா என்று கேட்பதற்கு ஆடிட்டர் தேவையில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், அங்கே கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஆண்டுக் கூட்டத்திலோ நேரிலோ மரியாதையாகக் கேளுங்கள், "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று யாராவது சொன்னால் யோய்தாவின் கதையைச் சொல்லுங்கள்.

புதிதாகச் சபை ஆரம்பிக்கிறவர்கள் முதல் மனை வாங்கும் முன்பே டிரஸ்டையோ சங்கத்தையோ பதிவுசெய்து, அதன் பெயரில் பான் எடுத்து, இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கைத் திறந்துவிடுங்கள். பத்திரத்தைப் பிறகு சபை பெயருக்கு மாற்றப் போனால் முத்திரைத்தாள் கட்டணம் இன்னொரு தடவை அழ வேண்டிவரும்.