கேஸ்கெட்: அடைப்பா, இடையடையா?

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் புகை வெளியேறும் வாய்க்கும், அதில் வந்து பொருந்தும் வளைகுழாய்க்கும் நடுவே அமர்ந்து, இரண்டு உலோகப் பரப்புகளும் சேருமிடத்தில் எஞ்சும் நுண்ணிய இடுக்கை நிரப்பும் வளையம் கேஸ்கெட்டில் ஒரு வகை. பட்டறைப் பேச்சில் அது ‘பேக்கிங்’. கொச்சை என்று சிலர் முகம் சுளிக்கும் அந்த வழக்கு, சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் பிழையே அன்று.

ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டு முதல் வழங்கும் இச்சொல் பாய்மரக் கப்பலோடு பிறந்தது. சுருட்டிய பாயைப் பருமலோடு, அதாவது பாயைத் தாங்கும் குறுக்குமரத்தோடு, சேர்த்துக் கட்டும் சிறு கயிற்றுக்கே அப்பெயர் இருந்தது. சிறுமியையும் மெல்லிய கயிற்றையும் குறித்த ‘கார்செத்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபாக இருக்கலாம் என்பது ஊகமே. முடிந்த முடிபு அன்று. நீராவி எந்திரங்கள் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில், பிஸ்டனைச் சுற்றி ஆவி கசியாதிருக்க நாரைப் பின்னித் திணித்தார்கள்; ‘பேக்கிங்’ என்பது இந்தத் திணிப்பே. பின்னல் கயிறு என்ற ஒற்றுமையால் கப்பற்சொல் எந்திரத்துக்குக் குடிபெயர்ந்தது. கட்டுவதைக் குறித்த சொல் அடைப்பதைக் குறிக்கலாயிற்று. நாரின் இடத்தைச் செம்பும் கிராஃபைட்டும் மெல்லிய எஃகும் பிடித்துக்கொண்ட பின்பும் பெயர் நிலைத்துவிட்டது. (மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நார் திணிப்பதைத் தமிழில் கலப்பற்று என்பர். வேலை ஏறத்தாழ ஒன்றே; ஆனால் அச்சொல் செயலைக் குறிப்பதால் இங்கே உதவாது.)

தமிழாக்கத்தில் முதலில் நாவில் வருவது ‘அடைப்பு’. அது இங்கே ஆகவே ஆகாது: ‘புகைக்குழாய் அடைப்பு’ என்று எழுதினால், குழாய்க்குள் கரி படிந்து வழி அடைபட்டதாகவே எவரும் கொள்வர். ‘அடைப்பான்’ மாட்டுக்கு வரும் நோயின் பெயர். ‘அடைப்பிதழ்’ அழகான சொல்தான். தகடாக வெட்டிய கேஸ்கெட்டுக்குப் பொருந்தும், வளையத்துக்கு இதழ் என்னும் உருவகம் ஒட்டவில்லை. வழியைத் திறந்துவைத்துவிட்டு, பக்கத்து இடுக்கை மட்டும் அடைப்பதே இப்பொருளின் தொழில் என்பதால், இடத்தையும் தொழிலையும் ஒருங்கே சொல்லும் ‘இடையடை’ என்பதை நான் தேர்வேன். புகைவாயில் அமர்வது ‘புகைவாய் இடையடை’.

இச்சொல்லின் பொருத்தம் பொருத்தும்போது தெரியும். நட்டுகளை முறுக்க முறுக்க வளையம் நசுங்கி, இரு பரப்புகளின் மேடுபள்ளத்துக்கும் ஏற்ப உருவம் கொள்கிறது. நசுங்கியது மீளாது, ஆகவே குழாயைக் கழற்றும்போதெல்லாம் புதியது வேண்டும். ஆறிய எஞ்சினில், சிறிது கிரீஸ் தடவி வளையத்தை வாயில் ஒட்டவைத்து, நட்டுகளைக் கையால் ஏற்றிய பின், ஒன்றை முழுதும் இறுக்கிவிடாமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் நசுங்கினால் மறுபுறம் புகை கசியும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ‘டிக் டிக்’ என்ற ஒலியும், இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடும் அதைக் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றுக்கும் முன்பாகப் பழையதை எடுத்துவிட வேண்டும்: கரி ஏறிக் கறுத்து வாயோடு வாயாக ஒட்டியிருக்கும் அதைச் சிலிண்டர் ஹெட்டின் விளிம்பென்றே கருதி, அதன்மேல் புதியதை வைத்து முறுக்கிவிடுவோர் உண்டு.