ஈரச் சக்கை எப்படி எரிகிறது?

போன ஞாயிறு மொரீஷியஸின் ப்ளாக் (Flacq) மாவட்டத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். இது அறுவடைக் காலம், சாலை முழுக்கக் கரும்பு வண்டிகள். பத்தாவது படிக்கும் தங்கை மகள், கிரெயோல் மொழியும் தமிழும் கலந்து ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, ஆலையில பகாஸை எரிச்சு கரண்ட் எடுக்கிறாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. ஆனா பகாஸைக் கையில எடுத்தா ஈரமா இருக்கே! ஈர விறகு புகையத்தானே செய்யும்?"

நல்ல கேள்வி. பகாஸ் என்றால் கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை. மொரீஷியஸில் பலரும் சக்கை மின்சாரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். அந்த ஈரத்தைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

தெரிந்த கதையை முதலில் முடித்துவிடலாம். 100 டன் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 30 டன் சக்கை மிஞ்சும். அதை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நீராவி, நீராவி டர்பைனைச் சுழற்றினால் மின்சாரம். ஆலை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஊருக்கு விற்கிறது. நம் தீவில் இந்த விற்பனை 1957-இலேயே செயின்ட் அந்துவான் ஆலையில் தொடங்கிவிட்டது. இன்று பெல் வூ, யூனியன் ப்ளாக், லா பராக் மூன்று இடங்களிலும் நடக்கிறது.

சரி, ஈரத்துக்கு வருவோம். கடைசிச் சொட்டுச் சாற்றையும் கழுவி எடுக்க, பிழியும்போதே சக்கை மேல் தண்ணீர் விடுவார்கள். அதனால் எவ்வளவு அழுத்திப் பிழிந்தாலும் வெளியே வரும் சக்கையின் எடையில் பாதி தண்ணீர்தான். ஒரு கிலோ சக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ காய்ந்த நார், அரைக் கிலோ தண்ணீர். அந்த நார் எரிந்தால் சுமார் 8.7 மெகாஜூல் வெப்பம் தரும். தண்ணீரைச் சூடாக்கி முழுவதும் ஆவியாக்க 1.3 மெகாஜூல் போதும். ஏழில் ஒரு பங்கைத் தண்ணீருக்குக் கட்டணமாகக் கட்டிவிட்டால் மிச்சம் ஆறு பங்கு நமக்கு. கணக்கு லாபம்தான்.

அப்படியென்றால் ஈர விறகு ஏன் அடுப்பில் அழவைக்கிறது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வருகிறது.

கோயிலில் கற்பூரம் ஏற்றும்போது கூர்ந்து பாருங்கள். சுடர் கட்டியை ஒட்டாமல் கொஞ்சம் மேலே தள்ளி நிற்கும். கட்டி சூட்டில் ஆவியாகிறது, அந்த ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. விறகும் இப்படித்தான். சுமார் 200 டிகிரியைத் தாண்டியதும் மரத்தின் நார் உடையத் தொடங்கும். நீண்ட செல்லுலோஸ் சங்கிலிகள் துண்டுதுண்டாகி, எரியக்கூடிய வாயுக்களாக வெளியேறும். காய்ந்த சக்கையின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு இப்படி வாயுவாகவே போய்விடும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயுவின் சுவாலை. வாயு எல்லாம் போன பிறகு கரி மிஞ்சும். கரிக்குச் சுவாலை கிடையாது. ஆக்ஸிஜன் அதன் மேற்பரப்பைத் தேடி வந்து தொட்டால்தான் எரியும், அதனால் மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும். ஒரே விறகுக்குள் இரண்டு விதமான தீ!

எங்கள் பாட்டி விறகடுப்பு முன் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதுவார். அதுவரை கண்ணைக் கரித்த புகை, திடீரென்று 'பக்'கென்று பிடித்துக்கொள்ளும். அந்தப் புகைதான் எரியாமல் தப்பிப் போய்க்கொண்டிருந்த எரிபொருள். ஈர விறகில் சூடெல்லாம் தண்ணீரிலேயே கரைந்துபோவதால், வாயு வந்தும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அடுப்பு சூடாக இருப்பதில்லை.

ஆலை உலையில் இந்தச் சிக்கல் தீரும் விதம் அவ்வளவு அழகு. சக்கையை விறகு மாதிரி அடுக்குவதில்லை. பக்கவாட்டிலிருந்து காற்றை வேகமாகப் பீச்சி, உலைக்குள் வாரி இறைக்கிறார்கள். உள்ளே 1000 டிகிரியை ஒட்டிய சூடு. சக்கையோ ஏற்கெனவே நார்நாராகக் கிழிந்தது. ஒவ்வொரு நாரையும் நாலு பக்கமும் சூடு சூழ்ந்துகொள்கிறது. மெல்லிய நார் பறக்கும்போதே காய்ந்து, வாயுவை விட்டு, அந்த வாயு அங்கேயே எரிந்தும் விடுகிறது. அந்தச் சூட்டில்தான் அடுத்து வரும் நார் காய்கிறது. கனமான துண்டுகள் மட்டும் கீழே இருக்கும் கம்பித் தட்டில் விழும். தட்டுக்கு அடியிலிருந்து வரும் காற்றில் அவை தணலாகக் கனன்று முடியும். மேலே சுவாலைத் தீ, கீழே தணல் தீ. பாட்டியின் அடுப்பில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது, இங்கே மாடியும் தரையுமாக ஒரே நேரத்தில் நடக்கிறது.

தணல் என்றதும் தீமிதி நினைவுக்கு வருகிறது. குழியில் இறங்கும்போது விறகின் வாயு எல்லாம் எப்போதோ எரிந்து முடிந்திருக்கும், இருப்பது கரித் தணல். கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே படிந்த சாம்பல் அதையும் குறைக்கும். பாதம் படும் நேரமும் மிகக் குறைவு. ஆனால் விரலிடுக்கில் ஒரு தணல் ஒட்டிக்கொண்டால் யாருக்கும் சுடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படிச் சுட்டபோது, "விரதத்தில் குறை" என்று ஊரே பேசியது. பல மாதம் அவர் கோயில் பக்கமே வரவில்லை. பக்தியை நான் மதிக்கிறேன், நானும் காவடி எடுத்தவன். ஆனால் ஒட்டிக்கொண்ட கரித்துண்டுக்காக ஒரு மனிதரின் மனசாட்சியைச் சந்தேகிப்பது அநியாயம்.

இனி நிலவரத்துக்கு வருவோம். அறுவடை ஜூன் முதல் டிசம்பர் வரைதான். மற்ற மாதங்களில் அதே கொதிகலன்கள் இறக்குமதி நிலக்கரியைத் தின்கின்றன. கரும்பு நிலமும் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. பக்கத்துத் தீவான ரியூனியனில், நம் மக்கள் நிறைய வாழும் சேன் ஆந்த்ரேயின் புவா ரூழ் மின்நிலையம் நிலக்கரியை விட்டு மரத்தூள் உருண்டைகளுக்கு மாறிவிட்டது. நிலக்கரி போனது நல்லதுதான். ஆனால் அந்த உருண்டைகள் கப்பலேறி வர வேண்டும். கரும்பு விட்ட கரியமில வாயுவை அடுத்த போகமே ஏறக்குறைய ஓராண்டில் திரும்ப இழுத்துக்கொள்ளும். வெட்டிய மரம் மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நம் வயல்களிலோ கரும்புத் தோகை பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது. அதை ஏன் ஆலை உலையில் அதிகம் எரிப்பதில்லை? தோகையில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். உலைச் சூட்டில் அதன் சாம்பல் இளகி, கொதிகலன் குழாய்களில் பிசின்போல ஒட்டி, இரும்பையும் அரிக்கும். மழையில் நனைந்த தோகையில் இந்த உப்புகள் குறையும் என்பது தெரிந்ததே. எத்தனை நாள் வயலில் விட வேண்டும், மண்ணின் ஈரம் காக்க எவ்வளவைப் போட்டுவிட வேண்டும், எந்த ரகத்தில் உப்பு குறைவு என்பதையெல்லாம் நம் மண்ணில், நம் மழையில்தான் சோதித்துப் பார்க்க முடியும். ரெதுயியில் 1953 முதல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு கப்பல் உருண்டை வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை இந்த ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன்.

இதையெல்லாம் கேட்ட மருமகள், "வாயுதான் எரியுதுன்னு கண்ணால பார்க்க முடியுமா?" என்றாள். முடியும். சோதனைக் குழாயில் காய்ந்த சக்கை கொஞ்சம் போட்டு, சிறு துளையுள்ள மூடியால் அடைத்து, அடியில் சூடாக்க வேண்டும். முதலில் நீராவி வரும், அப்புறம் வெண்புகை. அந்தப் புகையிடம் தீக்குச்சியைக் காட்டினால் துளை வாயில் சுடர் நிற்கும். உள்ளே சக்கை கறுத்துக்கொண்டிருக்கும், சுவாலையோ வெளியே. பள்ளி ஆய்வகத்தில் டீச்சரைக் கூட வைத்துக்கொண்டு செய்யச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமைக்காக ஒரு பிடி சக்கை இப்போது அவள் வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருக்கிறது.